டவுன்லோட்ஸில் என் ஸ்கேன் ரிப்போர்ட்

இன்று தம்பானூரில் பிரிண்ட் எடுக்கப் போனேன். அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் பிடிஎஃப் எதுவும் பிரவுசரில் திறக்காது. டவுன்லோட்ஸில்தான் போய் விழும்.

என் டிக்கெட்டைத் தேடியபோது தெரிந்த ஒருவரின் விருப்ப ஓய்வு விண்ணப்பம் கண்ணில் பட்டது. பெயர் சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் படித்தேன்.

அதற்கு அடுத்ததாக, மனைவியைத் தவிர யாருக்கும் சொல்லாத என் ஸ்கேன் ரிப்போர்ட். போன வாரம் அங்கேதான் பிரிண்ட் எடுத்தேன்.

கடைக்காரப் பெண்ணிடம் கேட்டேன்: “சேச்சி, பிரவுசரிலேயே திறக்கிற மாதிரி வெக்கக் கூடாதா?”

“அப்படித்தான் வெச்சிருந்தேன் சாரே. ஃபைல் எங்கேன்னு எல்லாரும் சண்டைக்கு வந்தாங்க. இப்போ யாருக்கும் பராதி இல்ல.”

இரண்டையும் அழித்துவிட்டு வந்தேன்.

காலையில் பால் வாங்கும்போது அந்த விண்ணப்பக்காரர் என்றைக்கும் இல்லாத கனிவோடு, “உடம்பு எப்படி இருக்கு?” என்று கேட்டது அப்போதுதான் உறைத்தது.

நாளை நானும், “ஆபீஸ் எப்படிப் போகுது?” என்று கேட்கலாமா? சொல்லுங்கள்.