இரண்டு தட்டுக்குக் காத்திருந்தவர்

ஊரப்பாக்கத்து வீட்டுச் சுவரில், ஆணியில் ஒரு சின்ன நீல ஹெல்மெட் தொங்குகிறது. அதன் பின்னால் ஒரு பல்லி குடியிருக்கிறது. அது சத்தமிடும்போதெல்லாம் எனக்குள் ஒரு குதிரை நகர்கிறது.

பேசாத என் மகளுக்கு அப்போது எட்டு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குக் குதிரைச் சவாரிப் பயிற்சி தரும் இடம், மாமல்லபுரம் போகும் வழியில் சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்தது. சனிக்கிழமை காலைகளில் போவோம். குதிரையைக் கயிறு பிடித்து நடத்தியவர், முன்பு கடற்கரையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் சவாரி விட்டவர். எல்லாருக்கும் அவர் குதிரைக்காரர்தான். அவரிடம் ஒரு வழக்கம். ஏறி உட்கார்ந்த பிள்ளை குதிரையின் கழுத்தில் இரண்டு முறை தட்ட வேண்டும். தட்டினால்தான் 'ச்ச்' என்று நாக்கைச் சொடுக்குவார். குதிரை அடியெடுத்து வைக்கும். மகள் சில நாள் உடனே தட்டுவாள். சில நாள் பிடரி மயிருக்குள் விரல் நுழைத்து, உப்புக்காற்றில் கண்மூடி அப்படியே இருப்பாள். அரைமணி நேரமும் அதிலேயே போய்விடும். சிறுசேரி ஐ.டி. கம்பெனிக்காரனான நான் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

"இன்னா சார், குதிரைக்கும் சிறுசேரில லாகினா?" என்று சிரிப்பார். "பாப்பா சொல்லட்டும் சார். நாள் பூரா நாம சொல்றதத்தானே கேட்டுகினு கீது. போகப் போக உடனே தட்டும் பாருங்க."

ஒரு சனிக்கிழமை, உறவுக்காரர்களுக்கு அனுப்ப எனக்கு ஒரு வீடியோ வேண்டியிருந்தது. என் பிள்ளையும் குதிரையில் போகிறாள் பாருங்கள் என்று. செல்பேசியை உயர்த்திப் பிடித்துக் காத்திருந்தேன். அவள் தட்டவில்லை. நாக்கைச் சொடுக்கினேன். நான்தான். அச்சு அசலாக அவருடைய சத்தம். குதிரை நகர, மகள் பக்கவாட்டில் சரிந்தாள். அவர் பாய்ந்து தாங்கிக்கொண்டார். அடி ஒன்றும் இல்லை. அலறல் மட்டும் தோப்பு முழுக்கப் போயிற்று.

பொறுப்பாளர் அம்மா ஓடி வந்தார். "பாப்பா தட்டாம எதுக்குண்ணா நகத்துனீங்க?" என்று அவரைத்தான் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான்தான் சத்தம் கொடுத்தேன் என்று மூன்று சொல் போதும். நான் செல்பேசித் திரையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"கயிறு என் கைலதானேம்மா இருந்துச்சு" என்றார்.

அடுத்த வாரம் கயிற்றை வேறொருவர் பிடித்திருந்தார். மகள் காரை விட்டு இறங்கவே இல்லை. அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும்.

போன மாதம் மாமல்லபுரக் கடற்கரையில் அவரைக் கண்டேன். மறுபடியும் சுற்றுலாக்காரர்கள், மறுபடியும் மணல். "பாப்பா இப்ப உடனே தட்டுதா சார்?" என்றார்.

"தட்டுறா" என்றேன்.

"அப்பவே சொன்னேன்ல!" அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

மகளுக்குப் பன்னிரண்டு வயதாகிறது. ஹெல்மெட் இனி அவள் தலைக்குச் சேராது. எடுத்து வைக்கவும் விடமாட்டாள். பல்லி 'ச்ச்' என்கிறது. அவள் சுவரைப் பார்ப்பதில்லை. திரும்பி, என் வாயைப் பார்க்கிறாள்.