எப்படியோ வந்த திரை

வேலையில் இருந்த காலத்தில், "எப்படியோ சரியாகிவிட்டது" என்று யார் பழுது அறிக்கை எழுதிக் கொடுத்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். எனக்குக் காரணம் வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருக்கும் பழைய லினக்ஸ் கணினியில் திரையை இயக்கும் கிராபிக்ஸ் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தேன். திரை கறுத்துவிட்டது. மெல்பர்னில் பிரசவித்திருந்த மகள், அன்று மாலைதான் முதன்முதலாகக் குழந்தையை வீடியோ அழைப்பில் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். கண் மங்கிய என் மனைவிக்குக் கைப்பேசித் திரை போதாது.

கைப்பேசி வழியாகக் கணினிக்குள் நுழைந்து, முறைப்படி புதிய டிரைவரை நீக்கினேன், பழையதைப் போட்டேன், பிழைப் பதிவுகளை வரிவரியாகப் படித்தேன். பலமுறை அணைத்துப் போட்டும் கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

"நல்லாத்தானே இருந்துச்சு, ஏங்க நோண்டுனீங்க?" என்றாள் மனைவி.

வெறுத்துப்போய் அணைத்தேன். எதையும் மாற்றாமல் மறுபடி போட்டேன். திரை வந்தது! சற்று நேரத்தில் பேத்தியும் கொட்டாவி விட்டபடி வந்தாள்.

"எப்படி வந்துச்சுன்னே புரியல. ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்துடறேன்."

"கைய வச்சுத்தான் பாருங்களேன்! பிள்ளை மூஞ்சியப் பாக்க விடுங்க லா."

கையை எடுத்துக்கொண்டேன்.

இன்றுவரை காரணம் தெரியவில்லை. கணினியை அணைக்கவும் துணியவில்லை. அந்த 'எப்படியோ' வரியை எழுதியவர்கள் எவ்வளவு நிம்மதியாக எழுதியிருப்பார்கள் என்பது மட்டும் இப்போது தெரிகிறது.