டில்லியில் கடல் கேட்ட குஞ்சம்மாள்

வைத்திக்குப்பத்துக் குஞ்சம்மாளைத் தெரியாதவர்கள் அந்தக் காலத்துப் புதுச்சேரியில் மீன் தின்னாதவர்களாகத்தான் இருக்க வேண்டும். பெரிய மார்க்கெட்டில் அவளிடம் பேரம் பேசி ஜெயித்தவர் கிடையாது. அவளுக்கு ஒரு வைராக்கியம். எந்த ஊரில் இறங்கினாலும் அந்த ஊர்க் கடலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிய பிறகுதான் வாயில் பச்சைத் தண்ணீர் படும். கடலூர், நாகப்பட்டினம், சென்னை என்று அவள் இறங்கிய ஊர்களெல்லாம் கரையோரம். அதனால் வம்பே வந்ததில்லை.

புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த மறு வருஷம், டில்லியில் பியூனாக இருந்த தம்பி சுப்ரமணி ஊர் சுற்றிக் காட்ட அவளைக் கூட்டிப்போனான். காலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் பெண்சாதி ஆதிலட்சுமி காபி நீட்டினாள்.

"மொதல்ல கடலக் காட்டுடா" என்றாள் குஞ்சம்மாள்.

சுப்ரமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காளின் வைராக்கியத்தை அடியோடு மறந்துபோயிருந்தான்.

"இங்க கடல் ஏதுக்கா?"

"யாருகிட்ட கதையளக்கிற? ஆளுற ஊருல கடல் இல்லாம இருக்குமா? நம்மூரு கவர்னர் மாளிகை கடல் பக்கந்தான இருக்கு? பாரீசுக்கே கப்பல்லதான போறாங்க!"

அவள் கண்ட தலைநகரம் அப்படி. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. சுற்றிக் காட்டினால் மறந்துவிடுவாள் என்று அவன் கணக்குப் போட்டான். மறக்கிற ஆளா அவள்! செங்கோட்டையைப் பார்த்து, "ம், நல்லாத்தான் கட்டியிருக்கான். கடல் எந்தப் பக்கம்?" என்றாள். குதுப்மினாரை அண்ணாந்து பார்த்து, "கலங்கரை விளக்கு வந்துடுச்சு, கடல எங்க ஒளிச்சு வச்சிருக்க?" என்றாள். வெயில் ஏற ஏற உதடு வெடித்தது, நடை தள்ளாடியது. ஒரு வாய்த் தண்ணீர் குடி என்று தம்பி கெஞ்சினான். உயிரே போனாலும் மாட்டேன் என்றுவிட்டாள்.

பயந்துபோனவன் யமுனைக் கரைக்குக் கூட்டிப்போய், "இதான்க்கா கடல்" என்றான்.

குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தவள், தூவென்று துப்பினாள். "யாருக்குடா காது குத்துற? உப்பே கரிக்கல!"

சுப்ரமணி அழுதேவிட்டான். "சத்தியமா இந்த ஊருல கடல் இல்லக்கா. நீ மயங்கி விழுந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

தம்பி அழுது அவள் பார்த்ததில்லை. நம்பினாள். ஆனால் தண்ணீர் குடிக்கவில்லை. தள்ளாடியபடியே வீடு வந்து சேர்ந்தாள்.

அடுப்படியில் ஆதிலட்சுமி குழம்புக்குக் கல்லுப்பு அள்ளிக்கொண்டிருந்தாள். குஞ்சம்மாள் சட்டென்று நின்றாள்.

"ஆதி, இது எங்கேருந்து வருது?"

"கடையிலேருந்து, அண்ணி."

"கடைக்கு?"

"உப்பு வேற எங்கேருந்து வரும்? கடல்லேருந்துதான்."

குஞ்சம்மாள் ஒரு பிடி அள்ளி, மூடிய கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு கல்லை நாக்கில் போட்டாள். ஒரு சொம்புத் தண்ணீரையும் மடமடவென்று குடித்து முடித்துத் தம்பியைப் பார்த்துச் சிரித்தாள்.

"நாம டில்லியோட சேந்துட்டோம்னு ஊரெல்லாம் ஒரே பேச்சு. அதுக்கு எத்தினியோ காலம் முன்னாடியே நம்ம கடல் வந்து இவங்க சோத்துல ஒக்காந்துடுச்சுடா!"