வருகைப் பதிவேட்டில் எழுதிய பெயர்

யாக்கோபு அந்தக் கிளை நூலகத்துக்கு நூலகராக மாற்றலாகி வந்தபோது, ஒரு நாளைக்குப் பதினெட்டுப் பேர் வந்தால் அதிகம். சுங்குவார்சத்திரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற நெடுஞ்சாலை ஓரம், உரக்கடைக்கு மேலே வாடகை மாடி. படியேறும்போதே யூரியா வாடை அடிக்கும். உள்ளே நாலு பெஞ்சு, ஆறு அலமாரி, எப்போதாவது சுற்றும் ஒரு மின்விசிறி.

மனிதர் சும்மா உட்காருகிறவர் இல்லை. பென்னலூர்க்காரர், நாற்பத்தாறு வயது, யாரைப் பார்த்தாலும் நின்று பேசுவார். நோட்டீஸ் அடித்துச் சந்தையில் கொடுத்தார். டூரிங் கொட்டகை முதலாளியிடம் நடையாய் நடந்து இடைவேளையில் நூலகத்துக்கு ஒரு ஸ்லைடு போட வைத்தார். சைக்கிள் ரிக்ஷாவில் மைக் செட் கட்டி, தானே ஏறி உட்கார்ந்து ஊர் ஊராகக் கூவினார். பழைய வாரப் பத்திரிகைகளை டீக்கடை பெஞ்சில் போட்டுவிட்டு, "தொடர்கதையோட மீதி மாடியில இருக்கு, வாங்க" என்பார்.

டீக்கடை நாகப்பன் சிரிப்பான். "இன்னா சார், கவர்மெண்டு வேலைல இருந்துகினு சர்க்கஸ்காரன் மாதிரி கூவிகினு கீறே?"

"கூவலன்னா எவன் நாகப்பா வரான்?"

கூவியதில் பலன் இருந்தது. ஒன்றரை வருஷத்தில் பதினெட்டு, இருபத்தேழு ஆயிற்று. அது உண்மையான இருபத்தேழு.

தொண்ணூற்றொன்று ஜனவரியில் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. தினசரி வருகை ஐம்பதைத் தொடாத கிளைகள் ஏப்ரலுக்குப் பிறகு மூடப்படும். யாக்கோபு மறுபடியும் ரிக்ஷா ஏறினார். தொண்டை கட்டியதுதான் மிச்சம், முப்பதைத் தாண்டவில்லை. பிப்ரவரி மாதம் ஒரு சாயங்காலம், கதவைப் பூட்டுவதற்கு முன்னால், வருகைப் பதிவேட்டில் மூன்று பெயர்களை அவரே எழுதினார். கையெழுத்தும் போட்டார். வரேன் சார் என்று சொன்னவர்கள்தானே, இன்றில்லாவிட்டால் நாளை வரப்போகிறவர்கள்தானே என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். மறுநாள் ஐந்து. பிறகு தினமும்.

அப்படி அவர் எழுதிய பெயர்களில் ஒன்று பால்வண்ணன். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், முப்பது வயசு இருக்கும். டயர் ரீட்ரெட் கடையில் வேலை, லாட்ஜில் ஒரு அறையை மூன்று பேரோடு பகிர்ந்து தங்கியிருந்தான். டீக்கடையில் வைத்து யாக்கோபு நோட்டீஸ் கொடுத்தபோது, அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டு, "கட்டாயம் வாரேன் சார்" என்று சொல்லியிருந்தான். வரவே இல்லை. பதிவேட்டில் மட்டும் இரண்டு மாதமாக நாள் தவறாமல் வந்தான்.

ஏப்ரலில் சராசரி ஐம்பத்துமூன்று. பாராட்டுக் கடிதம் வந்தது. மற்ற கிளைக்காரர்கள் யாக்கோபைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அவர் அதை மனைவி செல்லம்மாளுக்குக் காட்டவில்லை.

மே இருபத்தொன்றாம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. அதன் பிறகு அந்தச் சாலையில் போலீஸ் ஜீப்புகள்தான். லாட்ஜ்களில் வெளியூர் ஆட்களை விசாரித்தார்கள். ஒரு நாள் மாடிக்கும் வந்தார்கள். பேப்பர் படிக்க வெளியாட்கள் யாராவது தினமும் வருகிறார்களா என்று கேட்டு, மூன்று மாதப் பதிவேடுகளையும் கேட்டார்கள். யாக்கோபு எடுத்துக் கொடுத்தார். இதில் பாதி பொய்ப் பெயர் என்று சொல்ல வாய் வரை வந்தது. வெளியே வரவில்லை. ஜீப் போய்விட்டது.

நாலு நாள் கழித்து நாகப்பன் சொன்னான். "டயர் கடை ஆள இட்டுகினு போய்ட்டாங்க சார். லைப்ரரில யாரைப் பாக்கப் போனேன்னு கேக்கறாங்களாம். நான் அங்க போனதே இல்லன்றானாம். நோட்டு நெறைய உன் பேரு கீது, இன்னாத்துக்குப் பொய் சொல்றேன்னு போட்டு அடிக்கிறாங்களாம். அவன் முதலாளியையும் கூப்ட்டு விசாரிச்சாங்க, அவருதான் பாத்துட்டு வந்து சொன்னாரு."

யாக்கோபு டீயை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். எல்லாவற்றையும் செல்லம்மாளிடம் கொட்டினார்.

"போய் சொல்லிடுங்க," என்றாள்.

"வேலை போயிடும்."

"அந்த ஆளு உசுரு போயிட்டா?"

ஆனாலும் இரண்டு நாள் அவர் நூலகத்தைத் திறந்து, வழக்கம்போல உட்கார்ந்திருந்தார். செல்லம்மாள் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். மூன்றாம் நாள் காலையில் விசாரணை நடந்த இடத்துக்குப் போய் உண்மையைச் சொன்னார். ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்துப் பால்வண்ணன் என்று இருபது தடவை எழுதச் சொன்னார்கள். பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எழுத்து ஒன்றுதான்.

"இந்த மாதிரி எத்தனை பேரு?"

"நாப்பது பேர் இருக்கும் சார்."

அந்த அதிகாரி பேனாவை மூடி வைத்தார். சாயங்காலம்வரை நிற்க வைத்து, வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பினார்கள்.

மறுநாள் பால்வண்ணனை விட்டார்கள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தது. வலது கைக் கட்டைவிரல் மடங்கவில்லை. டயர் கடையில் வேண்டாம் என்றார்கள். லாட்ஜில் பையை வெளியே வைத்திருந்தார்கள். யாக்கோபு அவனைப் பஸ் நிறுத்தத்தில்தான் பிடித்தார்.

"நான்தான்பா எழுதினேன்."

"தெரியும் சார். சொன்னாவ."

"மன்னிச்சுடுப்பா."

அவன் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது சார். அன்னைக்கு நோட்டீஸ் தந்தப்போ அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் வாரேன்னேன். அங்க வச்சு அத எத்தன தடவ சொன்னேன் தெரியுமா? ஒருத்தரும் நம்பல."

பஸ் வந்தது. யாக்கோபு பையைத் தூக்கக் கை நீட்டினார். பால்வண்ணன் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல ஏறிப் போனான்.

விஷயம் ஊர் முழுக்கப் பரவியது. தற்காலிகப் பணிநீக்க ஆணை வருவதற்குள், உண்மையாகவே வந்து படித்துக்கொண்டிருந்த இருபத்தேழு பேரும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கடைசியாக வந்தவள் தாலுகா பள்ளியில் தையல் சொல்லிக்கொடுக்கும் அமலா. எடுத்துப் போன மூன்று புத்தகங்களையும் மேஜைமேல் வைத்தாள்.

"நோட்டுல என் பேரை அடிச்சிடுங்க சார். வீட்ல பயப்படறாங்க."

"நோட்டு இங்க இல்லம்மா," என்றார் யாக்கோபு. "அவங்ககிட்ட இருக்கு."

அவள் படியில் வேகமாக இறங்கிப் போனாள். ஜூலையில் அந்த மாடியைக் காலி செய்து, புத்தகங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.