துணைக்கு ஆள் இல்லாதவர்கள்

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் அவளுக்கு மின்னல் என்று பெயர். டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்க மற்றவர்கள் எழுதிய க்வெரி ஓடி முடிவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். அவள் எழுதியது கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து நிற்கும். டேட்டாபேஸ் முழுவதும் அவள் கையில்தான் இருந்தது. யாராவது மோசமாக ஒன்றை எழுதிக்கொண்டு வந்தால், "இதை நீங்க எழுதினீங்களா, இல்ல கீபோர்டு மேல பூனை நடந்துச்சா?" என்று எல்லோர் காதிலும் விழும்படிக் கேட்பாள். கேட்கப்பட்டவர்கள் சிரிப்பார்கள். பிறகு போய் முகம் கழுவிக்கொண்டு வருவார்கள்.

இந்தப் பேச்சு அப்பாவிடமிருந்து வந்தது. அவர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். மகள் கல்லூரிக்குக் கிளம்பிய முதல் நாள், அவளுடைய ஒரே ஜோடி செருப்பைப் பட்டறை மேசையில் வைத்துக் கருக்கிவிட்டு, "இப்ப போ, பாக்கலாம்" என்றார். அவள் வெறுங்காலோடு போனாள். அவள் விடுதியில் இருந்தபோது அம்மா மூச்சுத்திணறலில் இறந்தாள். தம்பி படித்து முடித்ததும் வெளிநாடு போய், போனில் மட்டும் பாசமாக இருந்தான்.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று தெரிந்தபோது தம்பி சொன்னான்: "நீ அங்கயேதானக்கா வேலை பாக்குற. உனக்கென்ன கஷ்டம்?"

டயாலிசிஸ் வார்டில் நாற்காலிகள் குறைவு, ஆட்கள் அதிகம். மறுநாள் யார் வர வேண்டும் என்று தினமும் ஒரு பட்டியல் வார்டுக்குப் போகும். அதைப் பார்த்து நர்ஸுகள் துணைக்கு வருகிறவருக்குப் போன் செய்வார்கள். நோயாளிகள் ஒரு டேபிளில், அவர்களுக்குத் துணைக்கு வருகிறவர்கள் இன்னொரு டேபிளில். இரண்டையும் கோர்த்து அந்தப் பட்டியலை எடுக்கும் க்வெரியை மின்னல்தான் புதிதாக எழுதியிருந்தாள். இரண்டு டேபிளிலும் ஜோடி கிடைக்கும் வரிகளை மட்டும் எடுக்கிற இன்னர் ஜாயின். ஜோடி இல்லாத வரி சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். இது அவளுக்குத் தெரியாததல்ல. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவளே முதலில் சொல்லித்தருவது அதைத்தான். ஆனால் துணைக்கு ஆள் இல்லாமல் யாரையும் வார்டில் சேர்ப்பதில்லை என்று விதி இருந்தது. விதி இருக்கும்போது சந்தேகம் எதற்கு என்று விட்டுவிட்டாள்.

அப்பாவுக்குத் துணை என்று அவள் பெயர் பதிவாகியிருந்தது. ஒவ்வொரு முறையும் அவரைக் கூட்டிவந்து, நாற்காலியில் உட்காரவைத்து, போர்வை போர்த்திவிட்டு மாடிக்கு வேலைக்குப் போவாள். அவர் நர்ஸிடம், "இவ மூஞ்சியப் பாத்துத்தான் என் ரத்தமே கெட்டுப்போச்சு" என்பார். நர்ஸ் சிரிக்க மாட்டாள். அவரே சிரித்துக்கொள்வார்.

ஒருநாள் ஊசி குத்தியதும் வலியில் முகத்தைச் சுளித்தார். "மெதுவாம்மா" என்று அவள் நர்ஸிடம் சொன்னாள். அப்பா அவள் பக்கம் திரும்பினார்.

"என்ன, ரொம்ப அக்கறையா? உங்கம்மா சாகற அன்னிக்கு மருந்து பட்டறையிலதான் இருந்துச்சு. கதவைத் தட்டிக்கிட்டே இருந்தா. நாந்தான் திறக்கல. நடிக்கிறான்னு நினைச்சேன்."

"தட்டுறது நின்ன பிறகு?"

"தூங்கிட்டான்னு நினைச்சேன்."

அவள் மாடிக்குப் போனாள். துணைக்கு வருகிறவர்கள் டேபிளில், வழக்கம்போல முதலில் செலக்ட் போட்டு, தான் நீக்கப்போகும் வரி சரிதானா என்று பார்த்தாள். ஒரே வரி வந்தது, அவள் பெயரோடு. செலக்டை டெலீட்டாக மாற்றி ஓட்டினாள். இனி வார்டிலிருந்து போன் தனக்கு வராது, நேரே அவருக்கே போகும், அவர் பாடு அவர் பாடு என்றுதான் நினைத்தாள். அன்று மாலை அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள். அதன் பிறகு அவர் அழைத்தபோதெல்லாம் போனை எடுக்கவில்லை.

பட்டறைக்குப் பக்கத்தில் டயர் கடை வைத்திருந்தவர்தான் கடைசியில் அவளுக்குச் சொல்லியனுப்பினார். உடம்பெல்லாம் நீர் கோத்து, மூச்சுவிட முடியாமல், உட்கார்ந்தபடியே அப்பா போயிருந்தார்.

தம்பி வந்தான். எல்லாம் முடிந்து வீடு காலியானதும், "ஆஸ்பத்திரியிலேயே ஒரு பொண்ண வச்சுக்கிட்டு இப்படியாக்கா?" என்று கேட்டுவிட்டு விமானம் ஏறினான்.

அவள் வேலைக்குத் திரும்பிய அன்று நர்ஸ் படிக்கட்டில் நிறுத்தினாள்.

"அவரை வேற எங்கயாவது மாத்திட்டீங்கன்னு நினைச்சோம்க்கா. லிஸ்ட்ல பேரே வரல. நடுவுல அவரே போன் பண்ணினாரு. பேர் இல்லைங்கன்னு சொன்னேன். 'எம்பொண்ணு அங்கதான் இருக்கா, அவ சரியாத்தான் செஞ்சிருப்பா'ன்னு சொல்லிட்டு வச்சுட்டாரு."

மின்னல் மாடியேறி உட்கார்ந்தாள். இன்னர் ஜாயினை லெஃப்ட் ஜாயினாக மாற்றினாள். ஒரே ஒரு வார்த்தை. துணை இல்லாதவர்களும் இப்போது வந்தார்கள், பெயருக்கு எதிரே வெற்றிடத்தோடு. அப்பா மட்டும் இருப்பார் என்று நினைத்திருந்தாள். அவருக்கு மேலும் கீழும் ஆட்கள் இருந்தார்கள். துணையாக வந்த மனைவி இறந்ததும், புருஷன் விட்டுப் போனதும், யாரோ ஒழுங்காக அந்த வரிகளை நீக்கியிருந்தார்கள்.

மேலாளர் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மாத்திட்டேல்ல? அதோட விடு. போனவங்க போயிட்டாங்க. இனிமே யாருக்கும் ஆகாதில்ல?"

அவள் கேட்கவில்லை. ஒவ்வொருவராகத் தேடிப்போனாள். சிலர் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறியிருந்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுப் பெண் வாசல் கூட்டுவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அவரு போய்ச் சேந்துட்டாரும்மா. பொண்டாட்டி போனப்புறம் ஆஸ்பத்திரிக்காரங்களும் தன்னைக் கைகழுவிட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டாரு. போய்க் கேளுங்கன்னு சொன்னேன். வேண்டாம்னவங்க வாசல்ல போய் நிக்க மாட்டேன்னுட்டாரு. நீங்க அவருக்குச் சொந்தமா?"

"இல்லீங்க" என்றாள்.

நடந்ததை எல்லாம் எழுதி நிர்வாகத்திடம் கொடுத்தாள். அப்பாவின் வரியைத் தானே நீக்கியதையும் எழுதினாள். அவர்களுக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது. அப்பா மேலிருந்த வெறுப்பில் டேட்டாபேஸைக் கெடுத்தவள் என்று வேலையிலிருந்து எடுத்தார்கள். மற்றவர்களைப் பற்றி எழுதியிருந்த பக்கங்கள் குறித்து யாரும் வாய்திறந்து பேசவில்லை. மேலாளருக்குத் தனி அறை கிடைத்தது. பூனைப் பேச்சைக் கேட்டு முகம் கழுவியவர்கள் ஒருவரும் அவளை வழியனுப்ப எழுந்து வரவில்லை.

இப்போது பார்சல் கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கிறாள். வந்த பெட்டிகள், போன பெட்டிகள், நின்றுபோன பெட்டிகள் எல்லாவற்றுக்கும் டேபிள் வடிவமைக்கிறாள். எதைக் கோர்த்தாலும், ஜோடி இல்லாமல் விழுந்த வரிகளைத் தனியே எடுத்துப் பார்த்த பிறகுதான் அடுத்ததுக்குப் போவாள். அதனால் வேலை தாமதமாகிறது. மின்னல் என்று அங்கே யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை.

"எதுக்கும்மா இவ்வளவு பயம்?" என்றார் கிடங்கு முதலாளி ஒருநாள், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. "ஒரு பெட்டி விட்டுப்போனா யாரும் செத்துட மாட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.