ரத்தவேர் படமும் என் வேலையும்

ஹோமியோபதி மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்பவள் பேசினாலும் தப்பு, பேசாவிட்டாலும் தப்பு; கஸ்டமரோடு மாரடிக்கும் உங்களுக்கா இதைச் சொல்ல வேண்டும்!

புனே கேம்ப் ஏரியாவில், சும்மா இருந்த எங்கள் கடைச் சுவரில் முதலாளி சேட் ஒரு படத்தை மாட்டினார். அமெரிக்கக் காட்டுப் பூ. பூ என்னவோ பால் வெள்ளை. கீழே வேரை வெட்டிக் காட்டியிருந்தார்கள், சொட்டச் சொட்டச் சிவப்புச் சாறு. தலைவலிக்குக் கொடுக்கும் ‘சாங்குவினேரியா’ இதிலிருந்துதான் வருகிறது. பெயருக்கு அர்த்தமே ரத்தம். பிடித்தது சனியன்.

போனில் பார்த்தவள்

விமான் நகர் ஐ.டி. பெண் ஒருத்தி, நான் பாட்டிலை எடுத்து வைப்பதற்குள் போனில் தேடிவிட்டாள். “இந்தச் சாறு பட்டா தோலே வெந்துபோகுமாமே?” கரைக்காத சாறு அப்படித்தான், மருந்தில் நன்றாகக் கரைத்துத்தான் வரும் என்றேன். முதல் பாதியோடு அவள் காது மூடிக்கொண்டது. “தலைவலியே இருக்கட்டும் ஆன்ட்டி, தலையாவது மிஞ்சும்!”

எல்லாவற்றையும் கேட்டவர்

அடுத்து வந்தவருக்கு ஆகுர்டியில் கார் கம்பெனி வேலை. மனைவிக்கு ரத்தம் குறைவாம். படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “இதேதான்! இருக்கிறதையெல்லாம் கட்டுங்க” என்றார். எனக்கு மனசு கேட்குமா? “அண்ணா, சாறுதான் சிவப்பு. இது ரத்தம் ஊறுற மருந்தில்லை. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க” என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். சேட் கும்பிடவில்லை. “ஸ்டெல்லா, இன்னொரு கஸ்டமர் உன் வாயால வெறுங்கையோட போனா, நீயும் கூடவே வீட்டுக்குப் போயிடு!”

சுத்த சைவம்

வீட்டில் என் ஒரு சம்பளம்தான். மறுநாள் வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். மராத்திக் காகூ, அதாவது சித்தி வயது அம்மா ஒருவர், வந்தார். நவராத்திரி விரதம், கூடவே மண்டையிடி. படத்தைப் பார்த்ததும் பாட்டிலைத் தள்ளிவிட்டார். “ரத்தமா? சீ சீ, நாங்க சைவம்!” சேட் என்னையே முறைக்கிறார். பயத்தில் கொட்டிவிட்டேன்: “காகூ, ரத்தமில்லை, வேர்ச்சாறு. அதையும் கரைச்சு, கரைச்சதை மறுபடி கரைச்சு... இந்தப் பாட்டில்ல அந்த வேரைத் தேடினாலும் கிடைக்காது!”

சேட் தலையில் கை வைத்துக்கொண்டார். தொலைந்தேன் என்று என் கைப்பையைத் தேடினேன். காகூ யோசித்தார். மெல்ல முகம் தெளிந்தது. “ஒண்ணுமே இல்லையா? அப்ப விரதத்துக்கும் ஆகும், ரெண்டு பாட்டில் குடு!”

ஆக, நம் தொழிலில் உண்மையைச் சொன்னால் வேலை போகும், அதையே முழுசாகக் கொட்டிவிட்டால் சரக்கு விற்றுப்போகும்.