சித்தார் சூர்யநாராயணன்

ஊரப்பாக்கம் ஸ்டேஷன் ரோட்டில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும் சூர்யநாராயணன் ஆள்காட்டி விரலிலிருந்து அந்தக் கம்பி வளையத்தைக் கழற்ற மாட்டார். காய்க்காரம்மா கேட்கும்வரை காயை உருட்டிக்கொண்டே நிற்பார். கேட்டுவிட்டால் போச்சு. "மோதிரம் இல்லம்மா, மிஸ்ராப். சித்தார் மீட்டறது இதாலதான்." பின்னால் நிற்பவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்ஷூரன்ஸ் வேலையில் நாக்பூரில் இருந்தவர். அங்கே ஓர் உஸ்தாதிடம் கற்றதாகச் சொல்வார். உஸ்தாத் பக்கத்து வீட்டில் குடியிருந்தது வரை உண்மை. சூர்யநாராயணனின் மனைவியே சொல்லியிருக்கிறார். ஜிப்பாவும் அத்தரும் "க்யா பாத் ஹை" என்ற இந்திப் பாராட்டும் அங்கிருந்து வந்தன. வித்தை மட்டும் சுவர் தாண்டவில்லை.

ஆனாலும் ஒரு சிஷ்யை உண்டு. பொழிச்சலூர் பள்ளி ஆசிரியை கீதா. வீட்டில் யூடியூப் பார்த்துப் பழகியதை இங்கே வந்து வாசிப்பார். குரு கண்ணை மூடித் தலையாட்டுவார். எங்கள் குடியிருப்புப் பொங்கல் விழாவில் வாசிக்க கீதா ஆசையாகப் பெயர் கொடுத்தார். "அவசரப்படாதீங்க கீதா, உங்க கைக்கு இன்னும் கனம் வரல" என்று பெயரை அடிக்கச் சொல்லிவிட்டு, தாமே மேடை ஏறினார்.

வாசிப்பு அபாரம். நாங்களே அசந்துபோனோம். பாதியில் கரண்ட் போனது. ஸ்பீக்கர் அடங்கியது; சித்தார் ஒலியும் அதோடு அடங்கியது. விரல்கள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. பலகையில் எலி பிராண்டுவது போல ஒரு சத்தம். அதுவரை கேட்டதெல்லாம் அவர் செல்போனில் இருந்த யாரோ ஒருவரின் வாசிப்பு.

பின்வரிசையில், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஜெயவேலு எழுந்தார். "இன்னா சார், கரண்டு போனா சித்தாரும் நின்னுடுமா? அது இன்னா மிக்சியா?"

கூட்டம் சிரித்தது. சூர்யநாராயணன் அசரவில்லை. "கீதா, வாங்க. உங்களுக்காகத்தான் இந்த சர்ப்ரைஸ்!"

கீதா மேடைக்கு வந்து அவரை ஒரு பார்வை பார்த்தார். சித்தாரை வாங்கி, சுருதி சேர்த்து, வாசிக்கத் தொடங்கினார். முதலில் விரல் தடுமாறியது. பிறகு தடுமாறவில்லை. ஜெயவேலுகூட உட்கார்ந்துவிட்டார். செல்போன் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக மேடைப் பக்கம் திரும்பின.

சூர்யநாராயணன் ஜிப்பாவை இழுத்துவிட்டுக்கொண்டு கீதாவின் பின்னால் போய் நின்றார். யார் படமெடுக்கிறார்கள் என்று பார்த்து, அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி, கீதாவின் தலைக்கு மேல் ஆசீர்வாதமாகக் கையை உயர்த்தி அப்படியே வைத்திருந்தார்.